காட்டு வாடியில் தங்கப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கான ஒரு வழிகாட்டி

மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கூப்பிட்டால் ஏனென்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. அப்படியொரு வாடியில், அதாவது காட்டோரக் குடிலில், இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். லீவில் வருகிற வெளிநாட்டுச் சொந்தங்கள் கேட்கிறார்கள். கல்லடியிலும் கல்முனையிலும் கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இவ்வளவு காடும் குளமும் கிடக்க, அதை ஒரு நாளும் பாராமல் இருப்பதுதான் குறை.

புதிதாகப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை வாடியை விட்டு இறங்கும் தேவையே வராதபடி பகலை நடத்துங்கள். தண்ணீர் அள்ளுவது, விறகு பொறுக்குவது, குளிப்பது, வெளிக்குப் போவது, போன் பேசுவது எல்லாம் பொழுது சாய முன் முடிய வேண்டும். இலங்கையில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் யானை தாக்கி இறக்கிறார்கள். விடியப்புறத்திலும் மைம்மல் பொழுதிலும் தனியே நடந்து போய் எதிர்ப்பட்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். பகலில் காடு நமக்கு இடம் விடுகிறது, இரவில் நாம் அதற்கு இடம் விட வேண்டும். இனி வரும் ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

காடென்றால் எங்கும் கூடாரம் போடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. முடியாது. மாதுறு ஓயா (1983), கல் ஓயா (1954), லகுகல (1980), குமண ஆகியவை தேசிய பூங்காக்கள். அவற்றுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைப்பதே குற்றம். பூங்காவுக்குள் இரவு தங்க வேண்டுமானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாவையோ, முகாமிட ஒதுக்கிய இடத்தையோ முன்பதிவு செய்ய வேண்டும். பாணமைக்கு அப்பால் உகந்தை வாசலால் குமணைக்குள் போகிறவர்களுக்கு இதுதான் வழி. கதிர்காம யாத்திரைக் காலத்தில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து அடியார்கள் கூட்டமாக நடந்து போவதைப் பார்த்துவிட்டு, மற்ற மாதங்களிலும் அப்படி நடக்கலாம் என்று எண்ண வேண்டாம். யாத்திரைக்கென்று குறித்த நாட்களில்தான் அந்தப் பாதை திறக்கப்படுகிறது. பூங்கா அல்லாத ஒதுக்குக் காடுகள் வன பரிபாலனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அங்கும் அனுமதி வேண்டும்.

ஆகவே முதல் தடவை போகிறவருக்கு உகந்தது தனியார் காணி. உன்னிச்சை, கரடியனாறு, புல்லுமலை, வெல்லாவெளிப் பக்கத்திலும் அம்பாறையில் சாகாமம், தங்கவேலாயுதபுரம், கோமாரிப் பக்கத்திலும் வட்டையை (வயல்வெளியை) ஒட்டி, சேனையை ஒட்டி, மாட்டுப் பட்டியை ஒட்டி வாடிகள் இருக்கின்றன. காணிக்கு உறுதியோ பெர்மிட்டோ இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெளியாட்கள் வந்து தங்கினால் ஊரில் கேள்வி எழும், அதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்வது எல்லாருக்கும் நிம்மதி.

காணிக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. யானை வேலி எந்தப் பக்கம் ஓடுகிறது? வாடி வேலிக்கு உள்ளேயா வெளியேயா? அரசு போட்ட யானை வேலி விட்டு விட்டு அடிக்கும் மின்சாரம், உயிரை எடுக்காது, ஆனாலும் தொடக்கூடாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விட்டுச் சிலர் சட்டவிரோதமாகக் கட்டுகிற வேலி ஆளைக் கொல்லும். பன்றிக்குக் கட்டுத்துவக்கு (தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் பொறித்துவக்கு) கட்டுகிற ஆட்கள் அந்தப் பக்கம் நடமாடுகிறார்களா? இதை வாடிக்காரரிடம் மட்டுமல்ல, பக்கத்து வட்டையில் காவலுக்கு இருப்பவரிடமும் கேளுங்கள். அவருக்குத்தான் சரியாகத் தெரியும். இன்னொன்று: மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் மண்ணில் புதைந்த இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், உதைக்காமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

முதல் தடவை ஊர் ஆள் ஒருவர் கூட இல்லாமல் தங்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காசு கொடுத்தாவது ஒருவரை நிறுத்துங்கள்.

எந்த மாதம்

மாரி, அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை, வேண்டாம். வயல் பாதைகள் சேறாகும், ஓடைகள் குறுக்கறுக்கும். கிரானுக்கு மேற்கே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டு, சனம் படகில் போய் வருவது ஒவ்வொரு மாரியிலும் நடப்பது. அந்த நேரத்தில் உள்ளே ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் வெளியே கொண்டுவருவது பெரும்பாடு.

பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை எனக்குப் பிடித்த காலம். குளம் நிறைந்து கிடக்கும், காடு பச்சையாக இருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது. பின்னேரங்களில் இடியோடு மழை பெய்யலாம். வானம் இருண்டால் வட்டை நடுவிலும் குளக்கட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்காதீர்கள். வாகனம் பக்கத்தில் இருந்தால் அதற்குள் ஏறியிருங்கள்.

மே தொடங்கினால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. அனலாக வீசும். காடு காய்ந்து, கிணறு வற்றி, யானைகள் குளங்களைச் சுற்றியே நிற்கும். பார்ப்பதற்கு நல்ல காலம், தங்குவதற்குக் கடினமான காலம். கல் ஓயாவில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய், யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் இங்கினியாகலைக்குப் போகலாம். பாலைப்பழம் பழுக்கிற ஜூன், ஜூலையில் கரடியும் அந்த மரங்களுக்கு வரும். கரடி நம்மைத் தேடி வருவதில்லை. நாம் சத்தமில்லாமல் போய் அதன் முன்னால் திடீரென்று நின்றால்தான் பாயும். அந்தக் காலத்தில் காட்டுப் பாதையில் நடந்தால் கதைத்துக்கொண்டே நடவுங்கள், பாலை மரத்தடியில் குந்தாதீர்கள்.

போய்ச் சேர்கிற நாள்

பகல் பன்னிரண்டுக்கு முன் வாடியில் நிற்க வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குப் போய் இறங்கினால் முதல் இரவே தடுமாற்றம்தான். காட்டு முகப்பில் மரத்தடிப் பிள்ளையார் இருந்தால் ஒரு குழை முறித்து வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஒரு நிமிடத்தில் மனமும் அடங்கிவிடும்.

பைகளை இறக்கியதும் சமைக்கத் தொடங்காமல், கூட வந்த ஊர் ஆளோடு வாடியைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். புல் மிதிபட்டு, அகலமாக, குளத்தை நோக்கி இறங்குகிற தடம் தெரிகிறதா? அது யானைப் பாதை. அதன் ஓரத்தில் கூடாரம் போடவோ வாகனம் நிறுத்தவோ கூடாது. யானை லத்தி கிடந்தால் குனிந்து பாருங்கள். மேலே காய்ந்து, குச்சியால் கிளறினால் உள்ளும் உலர்ந்து, வண்டு துளைத்திருந்தால் போய்ச் சில நாளாகிவிட்டது. மேற்பரப்பு மினுங்கி, ஈரம் கசிந்து, கையை மேலே பிடித்தால் சூடு தெரிந்தால் யானை இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் அந்தத் திசையை அன்றைக்கு மறந்துவிடுங்கள். கூட்டமாக வருவதைவிடத் தனியன் கூடுதல் ஆபத்து. கூட்டம் சத்தத்தில் தன்னைக் காட்டிவிடும். தனியன் மரத்தோடு மரமாக நிற்கும்.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று கணக்கு வைத்து, இருபது லீற்றர் கேன்களில் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வாடியில் கிணறு இருக்கிறது என்று சொன்னாலும் முதல் நாளுக்கான தண்ணீர் கையில் இருக்க வேண்டும். கிணற்றுக்குள் என்ன விழுந்து கிடக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கிணறும் கைகொடுக்காத இடத்தில் பழைய ஆட்கள் செய்வது பூவல். ஆற்று மணலில், ஓடுகிற நீருக்கு இரண்டு மூன்று பாகம் தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே தோண்டுவார்கள். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், அதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டுவார்கள். மறுபடி ஊற விட்டு, மறுபடி இறைத்து, மூன்றாந்தரம் ஊறுவது தெளிந்து வரும். மணல் வடிகட்டிக் கொடுத்த தண்ணீர் அது. கோடையில் யானையும் இதே வேலையைச் செய்கிறது. ஆற்று மணலில் ஆளில்லாமல் குழியைக் கண்டால் யார் தோண்டியது என்று யோசித்துவிட்டுப் பக்கத்தில் போங்கள்.

குளத்து நீர் கலங்கியிருந்தால் தேத்தாங்கொட்டை உதவும். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால், சில மணி நேரத்தில் மண் திரண்டு அடியில் படிந்து மேல்நீர் தெளியும். தெளிந்த நீரைப் பார்த்ததும் அப்படியே குடிக்கலாம் போலிருக்கும். கூடாது. கலங்கல் போயிருக்கிறது, கிருமி போகவில்லை. பூவல் நீரானாலும் குளத்து நீரானாலும் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது போக வேண்டும். மாலை சமையல் அடுப்பிலேயே மறுநாளுக்கான தண்ணீரையும் கொதிக்க வைத்து மூடி வைத்துவிடுங்கள்.

சாப்பாடும் வாசனையும்

யானை வாடியை உடைப்பது நம்மேல் உள்ள கோபத்தால் அல்ல, உள்ளே இருக்கும் நெல்லுக்கும் உப்புக்கும்தான். நெல் மூட்டை இருக்கிற வாடியில் படுக்க வேண்டாம். பழுத்த வாழைக்குலை, பலாப்பழம், கரும்பு எதையும் காட்டுக்குள் எடுத்துப் போக வேண்டாம். உப்பை மூடி இறுகின டப்பாவில் வையுங்கள். அரிசி, பருப்பு, மாசி, நெத்தலிக் கருவாடு, தேங்காய், வெங்காயம், குரக்கன் மா இருந்தால் மூன்று நாள் தாராளமாக ஓடும். சாப்பாட்டுச் சாமானைப் படுக்கிற இடத்தில் வைக்கக்கூடாது, தள்ளி ஒரு மூடிய தகர டின்னில் வைக்க வேண்டும். சிந்திய சோறு எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். சாப்பிட்ட இடத்தைப் பொழுது சாய முன் கூட்டித் துடைத்துவிடுங்கள்.

சமையலை ஐந்து மணிக்குள் முடிப்பது என் வழக்கம். சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சுட்ட கருவாடும் காட்டில் ருசிப்பது போல வீட்டில் ருசிப்பதில்லை. இரவுக்குத் தேத்தண்ணீர் வேண்டுமென்றால் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். சாராயம், பியர் வேண்டாம். வெறியில் இருட்டுக்குள் இறங்குகிறவனை யாராலும் காப்பாற்ற முடியாது.

விறகுக்கு விழுந்து காய்ந்த கொப்புகள் போதும். நின்ற மரத்தில் கத்தி வைக்காதீர்கள். வாவி ஓரத்திலோ களப்பு ஓரத்திலோ தங்குகிறவர்கள் தில்லை மரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும், தோலில் பட்டால் கொப்பளிக்கும், புகையும் ஆகாது. கச்சான் அடிக்கிற மாதங்களில் திறந்த வெளியில் நெருப்பு மூட்டவே வேண்டாம். காய்ந்த இலுக்கம்புல்லில் ஒரு பொறி விழுந்தால் கச்சான் அதைக் கொண்டு ஓடிவிடும்.

படுக்கை

நிலத்தில் பாய் போட்டுப் படுக்கக்கூடாது. இதற்குக் காரணம் கட்டுவிரியன். கறுத்த உடம்பில் வெள்ளை வளையம் போட்ட இந்தப் பாம்பு இரவில்தான் திரியும், நிலத்தில் தூங்குகிற ஆளைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி பெரிதாகத் தெரியாது, பல் பட்ட இடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலியோடு எழும்புவார், பிறகு கண் இமை சோர்ந்து விழும், விழுங்கவும் மூச்சு எடுக்கவும் கஷ்டப்படும். அப்படி ஒருவர் எழும்பினால் அஜீரணம் என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதைத் தடுக்க இரண்டே சாமான் போதும்: ஒரு சாக்குக் கட்டில், ஒரு நுளம்பு வலை. கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். வலையை வெளிச்சம் இருக்கும்போதே கட்டி, விளிம்பை நாலு பக்கமும் படுக்கைக்கு அடியில் செருகிவிட வேண்டும். தொங்கவிட்ட வலையால் பாதிப் பலன்தான். ஏறிப் படுக்க முன் தலையணையையும் போர்வையையும் உதறுங்கள். டோர்ச்சையும் செருப்பையும் வலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் காலை நிலத்தில் வைத்துச் செருப்பைத் தேடுவதுதான் ஆபத்து. சப்பாத்தைக் காலையில் போட முன் தட்டிப் பார்க்க வேண்டும். வலையால் நுளம்பும் தடுக்கப்படும். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது, அந்த நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே பகலிலும் முழுக்கைச் சட்டை.

புடையன், நாகம், சுருட்டை விரியன் மூன்றும் நம் பக்கம் உண்டு. பகலில் நடக்கும்போது காலை மூடிய சப்பாத்தும் நீளக் களிசானும் போதிய காவல். விறகை அள்ளும்போது கையை நேரே விடாமல் முதலில் தடியால் புரட்டுங்கள்.

இரவில் கொப்பு முறிகிற சத்தம் கேட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள். டோர்ச் அடிக்காமல், கத்தாமல் உள்ளேயே இருங்கள். ஊர் ஆள் சொல்வதை மட்டும் செய்யுங்கள். யானை வெடி கொளுத்துவது பழகினவர் வேலை.

வெளிச்சம், போன்

நல்ல வெயிலில் 100 வாட் சோலார் தகடு ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 300 முதல் 400 வாட் மணி மின்சாரம் தரும். 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50 வாட் மணிதான் போகும், போன்களுக்கும் மிஞ்சும். ரைஸ் குக்கர், ஹீட்டர் எல்லாம் அதில் ஓடாது. சோலார் இல்லாத வாடிக்கு டோர்ச் ஆளுக்கொன்று, மேலதிக பற்றரி, பவர் பேங்க். அரிக்கன் லாம்பு நல்லது. கண்ணாடிப் போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தட்டுப்பட்டால் கவிழ்ந்து, மண்ணெண்ணெய் சிந்திப் பற்றும். இலங்கையில் அதனால் எரிந்து வந்தவர்களைப் பார்த்தே சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர கவிழாத, மூடி திருகுகிற தடித்த கண்ணாடி விளக்கை உண்டாக்கினார். அதற்கு 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. கிடுகுக் கூரைக்குக் கீழே அந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

சிக்னல் பெரும்பாலும் குளக்கட்டில்தான் எடுக்கும். குளக்கட்டு பின்னேரம் யானைக்குரிய இடம். ஆகவே வீட்டுக்குப் பேசும் நேரத்தை மத்தியானத்தில் வையுங்கள். ஊரில் ஒருவரோடு ஒரு ஒப்பந்தமும் செய்யுங்கள்: தினமும் மத்தியானம் அழைப்பேன், ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் அன்றைக்கே பொழுது சாய முன் ஆளோடு வாருங்கள் என்று.

குளிப்பு, வெளிக்குப் போவது

குளத்திலும் ஆற்றிலும் முதலை உண்டு. இறங்கிக் குளிக்காமல், ஊர்ச் சனம் பாவிக்கிற துறையில் கரையில் நின்று வாளியால் அள்ளி வாருங்கள். காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். மலசலகூடம் இல்லாத வாடியானால் கிணற்றுக்கும் ஓடைக்கும் நன்றாகத் தள்ளி, பகலில் ஒரு முழ ஆழக் குழி வெட்டி, ஒவ்வொரு தடவையும் மண் போடுங்கள். இரவுக்கு மூடியுள்ள ஒரு வாளி உள்ளே இருக்கட்டும். பெண்களும் முதியவர்களும் கூட வந்தால் இதைச் சொல்லிக் கூச்சப்படாமல் ஏற்பாடு செய்வது கூட்டிப்போகிறவரின் பொறுப்பு.

ஆபத்து நேர்ந்தால்

1990 என்ற இலவச அம்பியூலன்ஸ் எண்ணை எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள். ஆனால் அது வாடி வாசலுக்கு வராது, தார் ரோட்டுவரைதான் வரும். வாடியிலிருந்து ரோட்டுக்கு எப்படி, எந்த வாகனத்தில், எவ்வளவு நேரத்தில் என்பதைப் பகலில் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிடுங்கள். லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) மட்டும் போகிற பாதையானால் அது எந்த வீட்டில் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கிற கிட்டடி ஆஸ்பத்திரி எது என்றும் போக முன் விசாரியுங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், ஏனெனில் வீக்கம் வரும். கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்து நேரம் போக்க வேண்டாம். தூர நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். நாட்டு வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போவோம் என்று யாராவது சொல்வார்கள். நேரே ஆஸ்பத்திரி.

இவை தவிர ஜீவனி பைக்கற், பனடோல், டெட்டோல், துணிக்கட்டு, தினமும் எடுக்கிற மருந்து. இவ்வளவு இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

திரும்பும்போது

அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டு மண் போடுங்கள். பொலித்தீன், டின், பற்றரி எல்லாம் நம்மோடு திரும்ப வேண்டும். அம்பாறையில் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று செத்த கதை எல்லாருக்கும் தெரியும். மிஞ்சிய சோற்றையும் மிருகம் தின்னட்டும் என்று போடாதீர்கள். வாசனை பழகின யானை அடுத்த முறை வேறொருவர் படுத்திருக்கும்போது வரும்.

வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று காதுப் பின்புறம், கக்கம், தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். இருந்தால் நசுக்காமல் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் உடம்பு நோவு வந்தால் டொக்டரிடம் காட்டில், வயல் பக்கத்தில் தங்கி வந்ததாக நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா உண்ணிக்காய்ச்சலா என்று அவர் நேரத்தோடு பார்ப்பதற்கு அந்தத் தகவல் வேண்டும்.